விறகுக்குக் காசா, தண்ணீருக்குக் காசா?



வழமையாக வரிப் படிவம், ஓய்வூதியம் என்று பேசுகிற நான், இன்று விறகைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கணக்காளருக்கும் விறகுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தெற்கு நோர்வேயில் மின்கட்டணம் எகிறியபோது, அதுவரை வரவேற்பறையில் அலங்காரமாக நின்ற இரும்பு அடுப்பை எங்கள் ஆட்கள் பலர் மூட்டத் தொடங்கினார்கள். அந்த டிசம்பரிலிருந்து அரசு மின்கட்டண உதவி வழங்கியது. ஆனாலும் விறகு வாங்கும் பழக்கம் பல வீடுகளில் நிலைத்துவிட்டது. வாங்குகிற பொருளை அளந்து வாங்குகிறோமா என்பதுதான் என் கேள்வி.

ஊரில் விறகுகாலையில் தராசில் நிறுத்து, அந்தர்க் கணக்கில் வாங்கினோம். ஈர விறகென்றால் பாரம் கூடும், காசும் கூடும். இங்கே நிறுப்பதில்லை, கொள்ளளவு பார்த்து விற்கிறார்கள். சிறிய சாக்கு 40 அல்லது 60 லீற்றர். பெரிய சாக்கு 1,000 அல்லது 1,500 லீற்றர். "ஃபாவ்ன்" என்ற பழைய அளவும் உண்டு. அது நெருக்கமாக அடுக்கிய விறகில் 2.4 கன மீற்றர். பெரிய சாக்கிலோ விறகு கொட்டியபடி கிடக்கும், இடையெல்லாம் காற்று. 1,500 லீற்றர் சாக்கைப் பிரித்து அடுக்கினால் அண்ணளவாக 1 கன மீற்றர்தான் தேறும். ஆகவே விலைகளை ஒப்பிட முன்னர், கொட்டிய அளவா அடுக்கிய அளவா என்று கேளுங்கள்.

அடுத்தது ஈரம். பச்சை மரத்தின் நிறையில் ஏறத்தாழ அரைவாசி தண்ணீர். 1,000 கிலோ பச்சை விறகு என்றால் 500 கிலோ மரம், 500 கிலோ நீர் என்று வைத்துக்கொள்வோம். எரிக்கத் தகுந்த விறகில் ஈரம் 20 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த நிலைக்கு வரும்போது அதே விறகு 625 கிலோவாக இருக்கும். அதாவது 375 லீற்றர் தண்ணீர் வெளியேற வேண்டும். வெயிலும் காற்றும் அதைக் காசு வாங்காமல் கொண்டுபோகும். பொறுக்காமல் அடுப்பில் வைத்தால், அந்த நீரை ஆவியாக்கவே ஏறத்தாழ 250 கிலோவாற் மணி வெப்பம் வீணாகும். அதைவிடப் பெரிய நட்டம் வேறு. நெருப்பு சூடேறாமல் புகை அரைகுறையாக எரிந்து, புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படியும்.

எனக்குத் தெரிந்த வயோதிபத் தம்பதியர் ஒரு கார்த்திகை மாதத்தில் "காய்ந்த விறகு" என்ற சொல்லை நம்பிப் பல சாக்குகள் வாங்கினார்கள். அடுப்புக் கண்ணாடி ஒவ்வொரு நாளும் கறுத்தது. வீட்டில் புகை மணம், அம்மாவுக்கு இருமல். பின்னர் நகரசபையின் புகைபோக்கி துப்புரவாளர் வந்து பார்த்து, உள்ளே பளபளவென்று தார் படிந்திருப்பதைக் காட்டினார். அது தீப்பற்றினால் புகைபோக்கியே எரியும் என்றும் எச்சரித்தார். விற்றவரிடம் கேட்கப் போனால் பற்றுச்சீட்டும் இல்லை, சாக்கில் ஒரு எழுத்தும் இல்லை.

இதைத் தவிர்க்க என்ன செய்யலாம்? விறகை மாரியிலோ இளவேனிலின் தொடக்கத்திலோ வாங்கி, நீங்களே காயவையுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் இங்கே காற்று வறண்டிருக்கும். அப்போது காய்வது போல் ஆவணிக்குப் பிறகு காயாது. பேர்ச் மரத்தைக் குத்தியாக விடாமல் உடனே பிளக்க வேண்டும். அதன் பட்டை நீர் புகாதது. ஆகவே உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் மரம் உள்ளே உக்கிவிடும். நிலத்தில் வைக்காமல் பலகைத் தட்டின் மேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து சில அங்குலம் தள்ளி அடுக்குங்கள். மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். பிளாஸ்ரிக் விரிப்பால் முழுவதும் போர்த்தினால் பூஞ்சணம்தான் பிடிக்கும்.

காய்ந்ததா என்று அறிய இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மந்தமாக ஒலிக்கும். ஈரமானி இருந்தால், கட்டையைப் புதிதாகப் பிளந்து உட்புறத்தின் நடுவில் குத்துங்கள். நுனி எப்போதும் முதலில் காய்ந்துவிடும், அதை நம்பாதீர்கள். இன்னொரு கவனம். பெரும்பாலான ஊசிமானிகள் நீரை உலர்ந்த மரத்தின் நிறையோடு ஒப்பிடுகின்றன. நான் சொன்ன 20 வீதம் விறகின் முழு நிறையில். ஆகவே மானியில் 25 என்று காட்டுவதும் 20 வீதமும் ஒன்றே. எதன் வீதம் என்று கேட்காமல் எந்த வீதத்தையும் நம்பக் கூடாது.

இறுதியாக, விறகு வியாபாரம் தொடங்கும் எங்கள் இளையவர்களுக்கு ஒரு சொல். சாக்கில் மரத்தின் பெயர், லீற்றர் அளவு, வெட்டிய ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். விறகுக்கென்றே என்.எஸ். 4414 என்ற நோர்வேத் தரவிதி உண்டு, அதைப் படியுங்கள். பற்றுச்சீட்டுக் கொடுங்கள். பன்னிரண்டு மாதத்தில் விற்பனை 50,000 குரோனரைத் தாண்டினால் பெறுமதி சேர் வரிக்குப் பதிய வேண்டும். ஈர விறகென்றால் "ஈரம், அடுத்த வருடத்துக்கு" என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்பதில் வெட்கமில்லை. வாங்குபவர் உங்கள் சொல்லை நம்பித்தான் தன் வீட்டுக்குள் நெருப்பு மூட்டுகிறார்.

குளிர் வர முன்னர் ஒருமுறை உங்கள் விறகைத் தட்டிப் பாருங்கள்.