சாதனமும் அதற்குரிய டிரைவரும்



கணினியில் பென்டிரைவைச் செருகுவதற்கும் அதிலுள்ள கோப்புகள் திரையில் தோன்றுவதற்கும் இடைப்பட்ட சில நொடிகளில், தான் முன்பின் அறியாத ஒரு சாதனத்தை அதன் டிரைவரிடம், அதாவது அச்சாதனத்தை இயக்கத் தெரிந்த மென்பொருளிடம், இயங்குதளம் ஒப்படைத்துவிடுகிறது. பாடநூல்கள் சில வரிகளில் கடந்துவிடும் இச்செயல்முறை கணினியியலின் மிக அழகிய வடிவமைப்புகளுள் ஒன்றாகும்.

ஐஎஸ்ஏ என்னும் பழைய வகை விரிவாக்க அட்டைகள் வழங்கிய காலத்தில், ஜம்பர் எனப்படும் சிறு இணைப்பிகளை இடம் மாற்றிப் பொருத்தி, எந்த அட்டை எந்தக் குறுக்கீட்டு எண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மனிதரே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. பிசிஐ, யூஎஸ்பி ஆகிய இணைப்பு முறைகள் வந்த பின்னர், தான் இன்னது என்று சாதனமே அறிவிக்கத் தொடங்கியது. யூஎஸ்பி சாதனம் செருகப்பட்டதும் அதற்குத் தனி முகவரி ஒன்றை ஒதுக்கும் கணினி, 18 பைட் நீளமுள்ள அதன் விவரக்குறிப்பைப் படித்து, தயாரிப்பாளர் எண், பொருள் எண் என்னும் இரு 16 பிட் எண்களை அறிந்துகொள்கிறது. பிசிஐ அட்டைகளிலும் இத்தகைய எண்கள் உண்டு. இன்டெல் நிறுவனத்துக்குரிய 8086 என்ற பதினாறடிமான எண், அந்நிறுவனம் 1978-இல் வெளியிட்ட செயலியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு டிரைவரும் தான் இயக்கவல்ல சாதனங்களின் எண்களை அட்டவணையாகத் தன்னுள் வைத்திருக்கிறது. டெப்மாட் என்னும் நிரல் அவ்வட்டவணைகளைத் தொகுத்துவைக்க, புதிய சாதனம் வந்திருப்பதை இயங்குதளத்தின் கருவான கெர்னல் அறிவித்ததும், யூடெவ் என்னும் நிரல் அத்தொகுப்பின் துணைகொண்டு பொருத்தமான டிரைவரை நினைவகத்தில் ஏற்றச் செய்கிறது. தனித்தனிச் சாதனங்களைப் பற்றிய அறிவு கெர்னலின் மையப்பகுதியில் இல்லாமல் டிரைவர்களிடமே இருப்பதால், சந்தைக்குப் புதிய சாதனம் வரும்போது மையப்பகுதியில் ஒரு வரியும் மாற வேண்டியதில்லை. இவ்வமைப்பின் பெருஞ்சிறப்பு இதுவே. பென்டிரைவுகளோ தம்மைச் சேமிப்புச் சாதனம் என்ற 08-ஆம் வகையாக அறிவித்துக்கொள்வதால், பல நிறுவனங்கள் தயாரித்தவற்றுக்கும் பொதுவான ஒரு டிரைவரே போதுமானதாகிறது.

எண் பொருந்தியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. புரோப் எனப்படும் செயற்கூறின் வழியாக டிரைவர் சாதனத்தை நேரடியாகச் சோதித்து, தன்னால் இயலாதெனில் அதை ஏற்க மறுத்துவிடலாம். தேவையான மின்சீராக்கி போன்ற வேறொரு கூறு இன்னும் ஆயத்தமாகவில்லையெனில், பின்னர் முயலும்படி கெர்னலிடம் தெரிவிக்கலாம். கைப்பேசிகளில் உள்ள பல கூறுகள் தம்மைத் தாமே அறிவிக்க இயலாதவை என்பதால், அவற்றின் விவரங்களை டிவைஸ் ட்ரீ என்ற தனிக் கோப்பில் மனிதர் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

லினக்ஸ் கெர்னலுக்கு வரும் திருத்தங்களுள் இத்தகைய அட்டவணையில் ஓர் எண்ணை மட்டும் சேர்ப்பவை ஏராளம். டிரைவர் கிடைக்காத சாதனத்தின் எண்களை எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளையால் அறிந்து, அதே சில்லுக்கு ஏற்கெனவே உள்ள டிரைவரில் சேர்த்து, உண்மையாகவே இயங்குகிறதா என்று சோதித்து அனுப்பும் ஆற்றல் இன்று பட்டம் பெறும் பொறியாளர்கள் பலருக்கும் இப்போதே உண்டு.