அப்பாவின் காக்கிச் சட்டைகள்

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவங்களுக்குத் தெரியும்: அப்பா ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும். எங்க வீட்டைக் காலி பண்ணப்போ, அப்பாவோட காக்கிச் சட்டைகள் ஒரு மூட்டை கிடைச்சது. "தூக்கிப் போடுடி"ன்னாங்க அம்மா. நான் அதை ஆறு அங்குலச் சதுரங்களா வெட்டி, அம்மாவோட பழைய காட்டன் புடவையும் சேர்த்து, போர்வைக்கு மேல்துணி தைச்சேன். அப்புறம்? எட்டு மாசம் அலமாரியில தூங்குச்சு.

ஏன்னா மேல்துணி பாதி வேலைதான். அடித்துணி, நடு அடுக்கு, மேல்துணி மூணும் நகராம நிக்கணும். நான் ஓரத்திலிருந்து தைச்சேன். பின்பக்கம் முழுக்கச் சுருக்கம். அத்தனையும் பிரிச்சேன்.

கர்நாடகத்தின் சித்தி சமூகப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித்தான் தைப்பாங்க. ஆனா துண்டுகளை ஒவ்வொண்ணா வச்சுக்கிட்டே போவாங்க, அதனால சுருங்காது. நம்மளது ஏற்கெனவே இணைச்ச துணி. நடுவிலிருந்து வெளியே நீவிக்கிட்டே, நாலு அங்குல இடைவெளியில் தற்காலிக ஓட்டுத்தையல் போடணும். நம்ம ஊர் வெயிலுக்குப் பஞ்சு வேண்டாம். நடுவுல பழைய வேட்டி போதும். கடைசியா ரெண்டரை அங்குலப் பட்டையை மடிச்சு ஓரம் கட்டணும்.

1942-ல் அமெரிக்காவின் அலபாமாவில், மிசோரி பெட்வே இறந்த கணவரோட வேலைத் துணிகளில் போர்வை தைச்சாங்க. எனக்கு அந்தத் துக்கம் இல்லை. அப்பா பக்கத்துலயே இருக்கார்.

போர்வையை விரிச்சதும் ஒரு கிரீஸ் கறையைத் தொட்டுப் பார்த்தார். "இது ரெண்டாவது சுரங்கம்"னார். அன்னைக்கு ராத்திரி அதைப் போர்த்திக்கிட்டுத்தான் தூங்கினார்.