சொல்லியிருக்க வேண்டிய செய்தி

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணிப்பது செயலாளர் அவர்களின் வழக்கம். இவ்வாண்டு அன்னாரின் இசைவு பெற்று, என் குறை ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 34 ஆண்டுகள் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன் நான் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பிறர் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் கண்டுபிடித்த நான், ஒரு முற்பகல் முழுதும் ஒரு மோசக்காரன் முன்னிலையில் கைகட்டி அமர்ந்திருந்தேன்.

2024ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். கைப்பேசியில் ஒருவர் இந்தியில் பேசினார். என் பெயரில் மும்பையிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட பொட்டலம் ஒன்றில் போதை மருந்து இருந்ததாகவும், அதில் என் ஆதார் எண் காணப்பட்டதாகவும் கூறினார். நான் மறுத்தேன். "தாங்கள் தமிழரா? தமிழ் அறிந்த அதிகாரியிடமே பேசுங்கள்" என்று இணைப்பை மாற்றினார். அடுத்து வந்த குரல், "ஐயா, பயப்படாதீங்க, நானும் நம்ம பக்கந்தான்" என்றது. அன்பர்களே, அந்த ஒரு சொல்லில்தான் நான் வீழ்ந்தேன். பகலெல்லாம் பிற மொழியில் காரியம் நடத்தும் நமக்குத் தாய்மொழி காதில் விழுந்ததும் நெஞ்சம் நெகிழ்கிறது. அந்நெகிழ்ச்சியை அறிந்தே அவன் வலை விரித்தான்.

பின்னர் வாட்ஸ்அப் வழியே காணொளி அழைப்பு வந்தது. காவல் உடை அணிந்த ஒருவன் தோன்றினான். அவனுக்குப் பின்னே அரசு இலச்சினை. உச்ச நீதிமன்றத்தின் முத்திரை பொறித்தது போன்ற கடிதம் ஒன்றும் வந்து சேர்ந்தது. என்னை 'டிஜிட்டல் கைது' செய்திருப்பதாகவும், அறைக் கதவைத் தாழிட்டுக் கைப்பேசியின் முன்னிருந்து அகலாதிருக்க வேண்டுமென்றும், மனைவியிடம் சொன்னால் அவளும் குற்றவாளி ஆவாள் என்றும் கூறினான். என் வைப்புத் தொகை முழுவதையும் சரிபார்ப்பதற்காக அவர்கள் குறிக்கும் கணக்குக்கு அனுப்ப வேண்டுமாம். நான் குற்றமற்றவன் எனத் தெரிந்ததும் அது திரும்ப வருமாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அன்றோ? தணிக்கையாளனின் அறிவு அப்போது எங்கே போயிற்று என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

என்னைக் காத்தது என் அறிவன்று. பிற்பகல் ஒரு மணிக்கு என் மனைவி கதவைத் தட்டி, "என்னங்க, சாதம் ஆறுது, யாரோட இவ்வளவு நேரம்?" என்றாள். "போலீஸ் விசாரணை நடக்குது, வாயைத் திறக்காதே" என்று கைப்பேசி அதட்டிற்று. அவ்வதட்டல் கதவுக்கு அப்பாலும் கேட்டுவிட்டது. "போலீஸுன்னா நம்ம வீட்டுக்கு வாசல் இருக்கு, வரச் சொல்லுங்க" என்றாள் அவள். அழைப்பைத் துண்டித்தேன். அதன்பின் எந்தப் போலீசும் வரவில்லை.

இதுவரை சொன்னது என் பேதைமை. இனிச் சொல்வதே என் குற்றம்.

"இதை ஒருவரிடமும் சொல்லாதே" என்று மனைவிக்குக் கட்டளையிட்டேன். வரிக் கணக்குக்கும் ஓய்வூதியத்துக்கும் காலனியில் பலர் யோசனை கேட்க வரும் மனிதன் நான். ஏமாற இருந்தேன் என்று தெரிந்தால் என் மதிப்பு என்னாவது என எண்ணினேன். இரண்டு திங்கள் சென்றன. செப்டம்பரில், எங்கள் கட்டடத்தின் மேல் தளத்தில் தனியே வாழும் அம்மையார் ஒருவர், காலஞ்சென்ற கணவரின் பணிக்கொடையாக வந்த 11 இலட்சம் ரூபாயை இதே சூழ்ச்சியில் இழந்தார். அதே பொட்டலம், அதே உடை, அதே தமிழ். இரண்டு நாள் தம் வீட்டுக்குள்ளேயே சிறைப்பட்டிருந்தார். பணம் அனுப்ப வங்கிக்குச் செல்லப் படியிறங்கி வந்தபோது நான் எதிர்ப்பட்டேன். "நலந்தானே?" என்றேன். தலையசைத்துவிட்டுச் சென்றார். எனக்கு நேர்ந்ததை முன்பே அவரிடம் சொல்லியிருந்தால் அத்தொகை இன்றும் அவரிடம் இருந்திருக்கும். அவரும் வெட்கத்தால் நான்கு நாள் வாய் திறக்கவில்லை. அதற்குள் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிட்டது. சிறு பகுதியே மீண்டது.

அக்டோபர் 27ஆம் நாள் பிரதமர் அவர்கள் தம் வானொலி உரையில், சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்றே இல்லை என்று நாடறியக் கூறினார். அதைக் கேட்டபோது நான் தலைகுனிந்தேன். அந்த எச்சரிக்கை சூலையிலேயே என் வீட்டில் இருந்ததல்லவா?

ஆதலின் தங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது: எந்தக் காவல் அதிகாரியும் காணொளியில் ஒருவரைக் கைது செய்ய இயலாது, எந்த நீதிமன்றமும் சரிபார்ப்பதற்கென்று நம் பணத்தைக் கேட்பதில்லை. இதை வீட்டு முதியோர்க்கும் சொல்லி வையுங்கள். இரண்டாவது: பணம் போய்விட்டதெனில் அந்நேரமே 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் மேலும் கைமாறுமுன் தடுத்து நிறுத்த முதற் சில மணி நேரமே நல்ல வாய்ப்பு. மூன்றாவது: "யாரிடமும் சொல்லாதே" என்று எவன் கூறினாலும், அச்சொல்லையே மோசத்தின் அடையாளமாகக் கொண்டு, அண்டை வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நள்ளிரவாயினும் என் வீட்டுக் கதவு திறக்கும்.

நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, இத்தகைய அனுபவங்களைக் கூச்சமின்றிச் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்த வேண்டுகிறேன். மோசக்காரன் நம்மைத் தனிமைப்படுத்தத் தமிழைக் கையாண்டான். நாம் ஒருவரையொருவர் காத்துக்கொள்ள அதே தமிழில் பேசிக்கொள்வோம்.

அவ்வம்மையாரின் பெயரை நான் கூறவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் முதலாவதாகத் தாமே எழுந்து பேசுவதாக அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். என்னைவிடத் துணிவு மிக்கவர் அவர். அன்று அனைவரும் தவறாது வந்திருந்து கேட்குமாறு வேண்டி விடைபெறுகிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!