30 சென்ட்டும் ஒரு கையெழுத்தும்

(வானொலி மறையுரை)



லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் ஒருவர் கூட்டத்திலிருந்து இயேசுவிடம் வந்து, சொத்தைப் பிரித்துத் தரும்படி தம் சகோதரரிடம் சொல்லக் கேட்கிறார். பாகம் பிரிக்கும் நடுவராக இருக்க இயேசு இசையவில்லை. பேராசையைக் குறித்து எச்சரித்து, அறிவற்ற செல்வனின் உவமையைச் சொல்கிறார். 'அப்படியானால் சொத்து விஷயத்தில் கோவிலுக்கு என்ன வேலை?' என்று நாம் கேட்பதுண்டு. இயேசு நீதியைத் தள்ளிவிடவில்லை. நிலத்தை அளக்குமுன் நெஞ்சை அளந்து பார்க்கச் சொல்கிறார். பங்கு கேட்டவருக்கும், பங்கைப் பிடித்து வைத்திருந்தவருக்கும் அந்த எச்சரிக்கை பொதுவானது.

நம் வீடுகளில் நடப்பதைப் பார்ப்போம். அப்பாவின் முப்பதாம் நாள் திருப்பலி முடிகிறது. கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து, எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் ஒரு பத்திரம் வெளியே வருகிறது. "இதுல ஒரு கையெழுத்துப் போடு மக்களே" என்று அண்ணன் தங்கையிடம் நீட்டுகிறார். அது விடுதலைப் பத்திரம். வாசித்துப் பார்த்தால் அண்ணனை நம்பாதவள் என்ற பெயர் வரும். மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும். அவள் பேசாமல் கையெழுத்துப் போடுகிறாள். அந்த மௌனத்தை நாம் சம்மதம் என்கிறோம்.

சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்வோம். நமக்குப் பொருந்துவது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பாகம். மீதி இரண்டு பாகமும் ஆண், பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமம். 30 சென்ட் இருக்கிறது, அம்மா இருக்கிறார், இரண்டு ஆண், இரண்டு பெண் என்றால், அம்மாவுக்கு 10 சென்ட், பிள்ளைகள் நால்வருக்கும் ஆளுக்கு 5 சென்ட். "கலியாணத்துக்கு நகை போட்டுத்தானே அனுப்பினோம்" என்பார்கள். தகப்பன் உயிரோடிருக்கையில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததை அந்தப் பிள்ளையின் பங்கில் கழிக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. மகனைப் படிக்க வைத்த பணத்தை நாம் கழிக்கிறோமா?

நமது குமரி மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. நாம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1916இல் வந்த கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டப்படி, மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். 1986இல் தீர்ப்பு வந்தது. 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. சட்டம் மாறிவிட்டது. நம் வீட்டு வழக்கம் மாறியதா?

எண்ணிக்கை நூல் 27ஆம் அதிகாரத்தில், செலொபுகாதின் ஐந்து புதல்வியர் மோசேயின் முன் நின்று தந்தையின் உரிமைச் சொத்தைக் கேட்கிறார்கள். மோசே அதை ஆண்டவரிடம் கொண்டு செல்கிறார். அவர்கள் கேட்பது சரியே என்று ஆண்டவர் சொல்கிறார். பங்கு கேட்கும் மகளைப் பேராசைக்காரி என்று நாம் எப்படிச் சொல்வோம்?

'விட்டுக்கொடுப்பதுதானே கிறிஸ்தவம்?' என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் விட்டுக்கொடுத்தவர் யார் என்று பார்ப்போம். தொடக்க நூல் 13ஆம் அதிகாரத்தில், மேய்ச்சல் நிலத்துக்குச் சண்டை வந்தபோது, மூத்தவரான ஆபிராம் இளையவரான லோத்துவை முதலில் தெரிந்துகொள்ளச் சொன்னார். தாம் விட்டுக்கொடுத்தார், லோத்துவை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. கையில் பங்கு வந்த பிறகு மனமுவந்து கொடுத்தால் அது கொடை. பங்கு உண்டென்று சொல்லாமலே வாங்கிக்கொண்டால் அது பறிப்பு.

ஆகவே நாம் மூன்று காரியங்களைச் செய்வோம். பெற்றோராகிய நாம், நல்ல சுகத்தோடு இருக்கும்போதே உயில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, பிள்ளைகளுக்கும் சொல்லிவைப்போம். பிள்ளைகளாகிய நாம், ஒவ்வொருவரின் பங்கையும் எல்லார் முன்னும் சொல்லிவிட்டு, பிறகு பேச்சைத் தொடங்குவோம். படுக்கையில் கிடந்த அப்பாவைப் பல ஆண்டு குளிப்பாட்டி, சோறூட்டிய ஒருவர் இருந்தால், மற்றவர்கள் தங்கள் பங்கிலிருந்து அவருக்குக் கூடுதலாகக் கொடுக்கட்டும். அதை அவரைக் கேட்க வைக்க வேண்டாம். அம்மாவின் பாகம் அம்மாவின் பெயரிலேயே இருக்கட்டும். அவர் மாதம் ஒரு வீடாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

கல்வாரியில் இரண்டு பங்கீடுகள் நடந்தன. படைவீரர்கள் ஆண்டவரின் ஆடைகளை நான்காகப் பிரித்துக்கொண்டார்கள். தையலில்லாத அங்கிக்குச் சீட்டுப் போட்டார்கள். அன்புச் சீடருக்குக் கிடைத்தது அன்னை. அவர் அந்த அம்மாவைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். அந்த ஆடைகள் என்ன ஆயின என்று நற்செய்தி சொல்லவில்லை. அன்னையை ஏற்ற வீட்டை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது.

பெட்டியில் இன்னும் கையெழுத்தாகாத பத்திரம் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு நாமே தங்கை வீட்டுக்குப் போவோம். முதலில் அவளை வாசிக்கச் சொல்வோம். அதற்கான மனத்தை ஆண்டவர் நமக்கு அருள்வாராக. ஆமென்.