மூட்டையில என்ன இருக்கு? இந்திரா நூயியின் 24 வருஷ பெப்சி வாழ்க்கை

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் தொகுக்கப்பட்டிருக்கிறது.)

இன்னிக்கு எபிசோட் இந்திரா நூயி பத்தி. சென்னையில பிறந்து, பெப்சிகோவோட சிஇஓ ஆனவங்க. அவங்க ஜெயிச்ச கதை உங்களுக்கு வாட்ஸ்அப்ல பத்து தடவை வந்திருக்கும். பிரமோஷன் கிடைச்ச அன்னிக்கு ராத்திரி அம்மா "போய் பால் வாங்கிட்டு வா"ன்னு அனுப்பின கதை, இன்டர்வியூவுக்குப் புடவை கட்டிட்டுப் போன கதை. அதெல்லாம் உண்மைதான், ஆனா இன்னிக்கு அது வேண்டாம். நான் கேட்க நினைக்கிறது வேற கேள்வி. ஒரு பெரிய கம்பெனிக்குள்ள போயி, உச்சி நாற்காலியில உட்கார்ந்தா, அந்தக் கம்பெனி விக்கிற பொருளை நம்மளால மாத்த முடியுமா?

இந்தக் கேள்விக்கு எங்க ஊர்ல ஒரு பழைய கதை இருக்குங்க. குண்டடம். பல்லடத்துல இருந்து தாராபுரம் போற ரோட்டுல வரும். இங்க இருக்கிற வடுகநாதர் கோயிலைப் பத்திச் சொல்ற கதை இது. ஒரு வியாபாரி மிளகு மூட்டையோட இந்த வழியா வந்தாராம். ஒரு பெரியவர் கொஞ்சம் மிளகு கேட்டாராம். கொடுக்க மனசில்லாம, "இது மிளகு இல்லைங்க, பயறு"ன்னு சொல்லிட்டாராம். அப்புறம் மூட்டையைப் பிரிச்சுப் பார்த்தா, மொத்தமும் பயறாவே இருந்துச்சாம். உணவு வியாபாரத்துல மூட்டையில என்ன இருக்குன்னு கேக்கறது ரொம்பப் பழைய வழக்கம். நூயியோட வேலை வாழ்க்கையும் அந்தக் கேள்வியைச் சுத்தித்தான் நடந்துச்சு.

துணிக் கம்பெனியில ஆரம்பம்

1955-ல் சென்னையில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பிஎஸ்சி, 1976-ல் கல்கத்தா ஐஐஎம். அதுக்கப்புறம் வேலைக்குச் சேர்ந்த இடம், திருப்பூர்க்காரங்களுக்குச் சந்தோஷமா இருக்கும், ஒரு துணிக் கம்பெனி. மெட்டூர் பியர்ட்செல். அடுத்து ஜான்சன் அண்ட் ஜான்சன். அங்க 'ஸ்டேஃப்ரீ' சானிட்டரி நாப்கினை இந்தியாவுக்குக் கொண்டு வர்ற வேலை. அந்தப் பொருளுக்கு நேரடியா விளம்பரம் கொடுக்கவே முடியாத காலம் அது.

1978-ல் அமெரிக்கா, யேல் பல்கலைக்கழகம். செலவுக்கு ராத்திரி ஷிஃப்ட்ல ரிசப்ஷனிஸ்ட் வேலை. நடுராத்திரியில இருந்து விடியக்காலம் வரைக்கும் பார்த்தா மணிக்கு அரை டாலர் கூடக் கிடைக்கும், அதனால அந்த ஷிஃப்ட். படிச்சு முடிச்சதும் பாஸ்டன் கன்சல்டிங் குரூப், அப்புறம் மோட்டோரோலா, அப்புறம் ஏபிபி. 1994-ல் பெப்சிகோ.

இங்க ஒண்ணு கவனிங்க. பெப்சியில அவங்க சேர்ந்தது சேல்ஸ்ல இல்ல, ஃபேக்டரியில இல்ல. ஸ்ட்ராட்டஜியில. எதை வச்சுக்கணும், எதை வித்துடணும், எதை வாங்கணும்னு கணக்குப் போடுற நாற்காலி அது.

வித்ததும் வாங்கினதும்

கேஎஃப்சி, பீட்சா ஹட், டாக்கோ பெல் மூணுமே ஒரு காலத்துல பெப்சிகோவோட கடைகள். 1997-ல் அதைத் தனிக் கம்பெனியா பிரிச்சு விட்டாங்க. 1998-ல் ட்ராபிகானா ஜூஸ் கம்பெனியை 330 கோடி டாலருக்கு வாங்கினாங்க. 2001-ல் குவேக்கர் ஓட்ஸ். அது 1,300 கோடி டாலருக்கும் மேல. இந்த மூணு முடிவுலயும் நூயிக்குப் பெரிய பங்கு உண்டு. பொரிச்ச கோழி வெளிய போச்சு, ஆரஞ்சு ஜூஸும் ஓட்ஸும் உள்ள வந்துச்சு. அந்த 2001-லயே அவங்க பிரசிடெண்ட், கூடவே நிதிப் பொறுப்பும்.

இப்ப 2006 ஆகஸ்டுக்கு வாங்க. அந்த ஒரு மாசத்துல ரெண்டு விஷயம் நடந்துச்சு. டெல்லியில இருக்கிற சிஎஸ்இ, அதாவது அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பெப்சி, கோக் உட்பட குளிர்பானங்கள்ல பூச்சிமருந்து எச்சம் இருக்குன்னு ரெண்டாவது தடவையா அறிக்கை விட்டாங்க. முதல் அறிக்கை 2003-லயே வந்தது. கம்பெனிகள் மறுத்தாங்க. கேரள அரசு பெப்சி, கோக் ரெண்டையும் தயாரிக்கவும் விக்கவும் தடை போட்டுச்சு. அடுத்த மாசம் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து பண்ணிடுச்சு. அதே ஆகஸ்ட் 14-ஆம் தேதி நியூயார்க்ல இருந்து அறிவிப்பு: பெப்சிகோவோட அடுத்த சிஇஓ இந்திரா நூயி.

யோசிச்சுப் பாருங்க, சென்னைப் பொண்ணு சிஇஓ ஆகறாங்க, பக்கத்து மாநிலத்துல அந்த பாட்டிலுக்கே தடை.

மூணு கூடை

பொறுப்புக்கு வந்ததும் நூயி ஒரு கொள்கையை அறிவிச்சாங்க. லாபத்தோட ஒரு நோக்கமும் இருக்கணும்ங்கிறது சாரம். சரக்கை மூணு கூடையா பிரிச்சாங்க. ஜாலிக்குச் சாப்பிடறது, அதாவது சிப்ஸ், பெப்சி. கொஞ்சம் பரவாயில்லாதது, சர்க்கரை, உப்பு குறைச்சது. மூணாவது உடம்புக்கு நல்லது, ஓட்ஸ் மாதிரி. உலக சுகாதார நிறுவனத்துல வேலை பார்த்த டெரெக் யாக்கைக் கூட்டிட்டு வந்தாங்க. ஆராய்ச்சிக்குத் தலைமையா மேயோ கிளினிக் டாக்டர் மெஹ்மூத் கான் வந்தார். சோடா கம்பெனியில டாக்டருக்கு என்ன வேலைன்னு அப்ப நிறைய பேர் கேட்டாங்க.

எதிர்ப்பு சீக்கிரமே வந்துச்சு. 2010-ல் அமெரிக்காவுல டயட் கோக் பெப்சியை முந்திடுச்சு. பெப்சி மூணாவது இடம். "ஓட்ஸைப் பார்த்துட்டு கோலாவை விட்டுட்டாங்க"ன்னு வால் ஸ்ட்ரீட் சொல்ல ஆரம்பிச்சது. 2013-ல் நெல்சன் பெல்ட்ஸ்ங்கிற பெரிய முதலீட்டாளர், சிப்ஸைத் தனியா, குளிர்பானத்தைத் தனியா கம்பெனியைப் பிரிங்கன்னு வெளிப்படையா நெருக்கினார். நூயி ஒத்துக்கல. 2016-ல் அவர் பங்குகளை வித்துட்டு வெளிய போனார்.

அந்தச் சண்டையில அவங்களைக் காப்பாத்தினது எது? எனக்குத் தெரிஞ்சு, ஓட்ஸ் இல்ல. சிப்ஸ். நம்ம பெட்டிக்கடையில சரமாத் தொங்குற லேஸ், குர்குரே மாதிரி நொறுக்குத் தீனிதான் அந்தக் கம்பெனிக்குக் காசு கொட்டுற இடம். 2006-ல் சுமார் 3,500 கோடி டாலரா இருந்த வருஷ விற்பனை, 2017-ல் 6,350 கோடி டாலர். அந்த வளர்ச்சி இருந்ததாலதான் முதலீட்டாளர்கள் அவங்களைப் பேச விட்டாங்க. நல்ல கூடையை நிரப்பறதுக்கான பணம் ஜாலிக் கூடையில இருந்துதான் வந்துச்சு. மாத்தணும்னு நினைச்ச சரக்குதான் மாத்தறதுக்குச் சம்பளம் கொடுக்குது. இந்த முடிச்சை 12 வருஷத்துலயும் அவங்களால அவிழ்க்க முடியல. வேற யாரா இருந்தாலும் கஷ்டம்தான்.

தண்ணி

அடுத்து நமக்கு ரொம்பப் பக்கத்து விஷயம். பாலக்காடு பக்கம் புதுச்சேரின்னு ஒரு பஞ்சாயத்து, பாண்டிச்சேரி இல்லைங்க. நிலத்தடி நீர் பிரச்சினையில 2003-ல் பெப்சி ஆலையோட லைசென்ஸை ரத்து பண்ணாங்க. விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. அப்புறம் 2009-ல், இந்தியாவுல நாங்க எடுக்கறதை விட அதிகமா தண்ணியைத் திருப்பிக் கொடுக்கறோம்னு பெப்சிகோ சொல்லுச்சு. சரி, நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தா கணக்கு லாபமா வரலாம். ஆனா எங்கேயோ கட்டின தடுப்பணை, இங்க வத்தின கிணத்தை நிரப்பாது. வானம் பார்த்த பூமியில இருக்கிற குண்டடத்துக்காரங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்ல.

2017 ஜனவரியில ஜல்லிக்கட்டுப் போராட்டம். அதுல எழுந்த குரல்ல ஒண்ணு, அந்நிய குளிர்பானம் வேண்டாம்ங்கிறது. ஏற்கெனவே கங்கைகொண்டான் ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணி போறதுல வழக்கு ஓடிட்டு இருந்துச்சு. மார்ச் 1-ஆம் தேதியில இருந்து தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக் விக்கறதில்லன்னு அறிவிச்சாங்க. கடைக்காரங்க போவண்டோவை முன்னாடி எடுத்து வச்சாங்க. அப்ப பெப்சிகோ சிஇஓ யாரு? தி.நகர்ல ஸ்கூல் படிச்ச அதே நூயி. அடுத்த நாளே உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை, தண்ணி கொடுக்கறதுக்கு இருந்த இடைக்காலத் தடையை நீக்குச்சு. கடைப் புறக்கணிப்பும் கொஞ்ச நாள்ல மெல்லத் தேஞ்சு போச்சு. 2018 அக்டோபர்ல நூயி சிஇஓ பொறுப்புல இருந்து இறங்கினாங்க.

ஒரு பின்கதை. அவங்க காலத்துல வாங்கின ட்ராபிகானாவோட பெரும்பங்கை 2021-ல் பெப்சிகோ விக்க முடிவு பண்ணிடுச்சு. வாங்கறப்போ உடம்புக்கு நல்லதுன்னு பேர் வாங்கின பழச்சாறையும், இதுக்குள்ள ஜனங்க சர்க்கரைக் கணக்குல சேர்த்துட்டாங்க.

அப்போ, மாத்த முடியுமா?

திருப்பூரையே எடுத்துக்குங்க. நொய்யல்ல சாயத்தண்ணி ஓடினது பனியன் கம்பெனிக்குள்ள இருந்த எல்லாருக்கும் தெரியும். உள்ள நல்ல மேனேஜர்களும் இருந்தாங்க. ஆனா 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்புறம்தான், கழிவுநீரை வெளிய விடாம சுத்திகரிக்கற வேலை கட்டாயமா நடந்துச்சு. அந்தக் கோர்ட்டுக்குப் போனவங்க ஆத்தோரத்து விவசாயிகள்.

அதுக்காக உள்ள இருக்கறவங்க வீண்னு நான் சொல்லல. வெளியில இருந்து அழுத்தம் வர்ற அன்னிக்கு, உள்ள ஒருத்தர் பதிலைத் தயாரா வச்சிருக்கணும். ட்ரீட்மெண்ட் பிளான்ட் எப்படிப் போடறது, உப்பைக் குறைச்சா டேஸ்ட் எப்படி நிக்கும்னு தெரிஞ்ச ஆள் வேணும். நூயி செஞ்சது அந்த வேலை. அவங்களால முடியாததைச் செஞ்சது பஞ்சாயத்தும், கோர்ட்டும், கடைக்காரங்களும்.

கேக்கறவங்கள்ல நிறைய பேரு மெர்ச்சண்டைசரா இருப்பீங்க, குவாலிட்டியில இருப்பீங்க, எம்பிஏ படிச்சிட்டு இருப்பீங்க. பெரிய கம்பெனிக்குப் போங்க, தப்பே இல்ல. போறப்ப ரெண்டு விஷயம் விசாரிச்சுக்குங்க. என் சம்பளம் எந்தக் கூடையில இருந்து வருது? வெளிய இருந்து கேள்வி கேக்கற ஊர்க்காரங்க யாரு? அவங்களை எதிரின்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. நீங்க உள்ள செய்ய நினைக்கிற மாத்தம் நடக்கணும்னா, பல நேரம் அவங்கதான் உங்களுக்குத் துணை.