பெட்டிகளுக்குள் ஒரு பெருங்கடல்



கடலின் ஊட்டச்சத்துச் சுழற்சி, கார்பன் சுழற்சி பற்றிய இக்கருத்தரங்கில் பெரும்பாலான கட்டுரைகள் மீக்கணினியில் ஓடும் பெரிய மாதிரிகளைப் பற்றியவை. மகிழ்ச்சி. இருந்தாலும் தலைமை உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் எளிய பெட்டி மாதிரிகள். வசதி இல்லாதவர்களின் கைமருந்து என்று அவற்றை ஒதுக்கும் போக்கு நம்மிடையே உண்டு. அதை நான் ஏற்கவில்லை. ஒரு விளைவு ஏன் வந்தது என்று காரணத்தைத் தொட்டுக்காட்ட அவற்றுக்கு ஈடான கருவி நம்மிடம் இல்லை.

கடலை இரண்டாகப் பிரியுங்கள். வெயில் படும் மேல் 100 மீட்டர் ஒரு பெட்டி. அதன் கீழ் மூன்றரை ஆயிரம் மீட்டருக்கும் மேலான ஆழ்கடல் மற்றொன்று. இரண்டும் மெல்ல நீர் மாற்றிக்கொள்கின்றன; ஆழ்கடல் ஒருமுறை புதுப்பிக்கப்பட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு ஆகும். மேலே நுண்பாசிகள் பாஸ்பேட்டை எடுத்துக்கொண்டு வளர்கின்றன. மடிந்து கீழே அமிழ்ந்து மக்கும்போது அது மீண்டும் நீரில் கரைகிறது. ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் 1934இல் தொடங்கிப் பின்னர் திருத்தி நிலைநாட்டிய விகிதப்படி, ஒரு பாஸ்பரஸ் அணுவோடு 16 நைட்ரஜன் அணுக்களும் 106 கார்பன் அணுக்களும் பயணம் செய்கின்றன. கணக்கு இவ்வளவே. ஒரு விரிதாளில் அடங்கிவிடும்.

மாணவர் ஒருவர் இதை முதன்முதலில் ஓட்டும்போது பெரும்பாலும் ஓராண்டைக் காலப்படியாக வைப்பார். நுண்பாசிகளோ மேல்நீரின் பாஸ்பேட்டைச் சில மாதங்களில் தீர்த்துவிடும். விளைவு, மேற்பெட்டியில் பாஸ்பேட் பூச்சியத்துக்கும் கீழே போய்விடும். படியை ஒரு வாரமாகக் குறைத்தால் கோடு சீராகும். உயிரிகளின் வேகமும் கடலோட்டத்தின் வேகமும் எத்தனை மடங்கு வேறுபடுகின்றன என்பது அந்தப் பிழையைத் திருத்தும்போதுதான் மனத்தில் பதியும்.

அடுத்து, நீர்மாற்றத்தை இரட்டிப்பாக்குங்கள். பாஸ்பேட் இருமடங்கு மேலே வரும், நுண்பாசிகள் இருமடங்கு விளையும், கீழே அமிழும் கார்பனும் இருமடங்காகும். அப்படியானால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு குறைய வேண்டுமல்லவா? ஏறக்குறைய அசையாது. ஒரு கிலோ ஆழ்கடல் நீர் சுமார் 2 மைக்ரோமோல் பாஸ்பேட்டைக் கொண்டுவரும்போது, மக்கியவற்றிலிருந்து வந்த 200 மைக்ரோமோலுக்கும் மேற்பட்ட கார்பனையும் கூடவே தூக்கிவருகிறது. கீழே போவதும் மேலே வருவதும் சரிக்குச் சரி. 2007இல் ஜேம்ஸ் லவ்லாக்கும் கிறிஸ் ராப்லியும் கடலில் குழாய்களை நிறுத்தி ஆழ்நீரை மேலேற்றலாம் என்று நேச்சர் இதழில் யோசனை சொன்னபோது, இதே காரணத்தைக் காட்டி மறுப்புகள் எழுந்தன. பெட்டிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு அந்த மறுப்பு அன்று மாலையே விளங்கியிருக்கும்.

பிறகு காற்றிலுள்ள கார்பனைக் குறைக்க எங்கேதான் வழி இருக்கிறது? 1980 வாக்கில் பனிப்பாளக் குமிழிகள், பனியுகக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 200 பங்கு அல்லது அதற்கும் குறைவு என்று காட்டின. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. இந்தக் குறைவு ஏன் என்ற கேள்விக்கு 1984இல் ஹார்வர்டு, பிரின்ஸ்டன், பெர்ன் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஒரே விடை வந்தது: மூன்றாவதாக ஒரு பெட்டி வேண்டும். அது குளிர்ந்த துருவப் பக்கத்து மேற்கடல். அங்கே வெளிச்சமும் இரும்பும் போதாமல் பாஸ்பேட் பயன்படாமலே மீண்டும் ஆழத்துக்குப் போகிறது. இப்படி எஞ்சும் பாஸ்பேட் குறைந்தால் காற்றிலுள்ள கார்பனும் குறையும். இரண்டு பெட்டியில் தெரியாத வழி மூன்றில் தெரிந்தது. அந்தச் சமன்பாடுகளைத் தாளிலேயே தீர்க்கலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பெட்டி மாதிரிகளின் குறையையும் மறைக்கக் கூடாது. 1999இல் வாலஸ் புரோக்கரும் உடன் ஆய்ந்தவர்களும் பெட்டி மாதிரிகளை முப்பரிமாண மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். துருவக் கடலின் செல்வாக்கைப் பெட்டிகள் கூடுதலாகக் காட்டின. எந்தப் பக்கம் உண்மைக்கு நெருக்கம் என்ற விவாதத்தோடு, பெரிய மாதிரிகளில் செங்குத்துக் கலப்பு மிகையாக வைக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்வியும் சேர்ந்தே எழுந்தது. சிறியது பெரியதைக் கேள்வி கேட்டது. பெரியது சிறியதைத் திருத்தியது.

உயிரிகள் விஷயத்தில் பெட்டி இன்னும் வறியது. 2009இல் இந்திய, ஜெர்மானிய அறிவியலாளர்கள் போலார்ஸ்டெர்ன் கப்பலில் தென்பெருங்கடலுக்குச் சென்று இரும்பைத் தூவிய லோஹாஃபெக்ஸ் சோதனையில் நுண்பாசிகள் பெருகத்தான் செய்தன. ஆனால் அந்த நீரில் சிலிக்கேட் போதாததால் கனமான ஓடுள்ள டயாட்டம்கள் வளரவில்லை. வளர்ந்த சிறு பாசிகளை விலங்கு மிதவையுயிரிகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குப் போன கார்பன் சொற்பம். பெட்டி மாதிரியில் ‘உறிஞ்சும் வேகம்’ என்று நாம் எழுதும் ஒற்றை எண்ணுக்குச் சிலிக்கேட்டும் தெரியாது, மேய்பவையும் தெரியாது.

ஆகவே கட்டுரை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாதிரி எத்தனை பெரிதாயினும், அதன் முதன்மை முடிவை மூன்று பெட்டிகளில் வரைந்து காட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், பெட்டிகள் விட்டுவிட்ட எந்தச் செயல்முறை அந்த முடிவைத் தந்தது என்று சொல்லுங்கள். கேள்வி நேரத்தைக் கால் மணி நேரம் கூட்டச் சொல்லியிருக்கிறேன். கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் மேடையில் இருக்கின்றன. முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.