கெடு 14 நாள்தான்
(கடலூரில் நடந்த வெளிநாடு வாழ் குடும்பங்களுக்கான கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





கடலூரிலும் சிதம்பரம், பரங்கிப்பேட்டைப் பக்கத்திலும் நம் தெருக்களில் சபுராளி இல்லாத வீடு குறைவு. அதனால்தான் இதைப் பேசுகிறோம்.

சென்ற ஆண்டு சிதம்பரம் பக்கத்திலிருந்து ஒரு தாயார் எங்களிடம் வந்தார். விசா முடிந்தும் மலேசியாவில் தங்கியதால் அவருடைய மகன் நாடு கடத்தப்பட்டிருந்தார். கடன் நெருக்கவே, ஏஜெண்டை நம்பி மறுபடியும் போய்ப் பிடிபட்டார். கோர்ட்டில் தண்டனையும் ஆகிவிட்டது. "ஜும்ஆவுக்குப் பிறகு கமிட்டியில் பேசுவோம்" என்றோம். கமிட்டி கூடி, வக்கீலைத் தேடுவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. அப்பீலுக்குக் கெடு 14 நாள் என்பது அதற்குப் பிறகே தெரிந்தது. தவறு எங்களுடையது. இன்னொரு குடும்பத்துக்கு அது நேரக் கூடாது.

மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு இதற்கென்றே உள்ளது. நாடு கடத்தப்பட்டவர் முறையின்றித் திரும்பி வந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அத்துடன் 6 பிரம்படி வரை விதிக்கலாம். பிறகு மீண்டும் நாடு கடத்துவார்கள். சிங்கப்பூரிலோ குறைந்தது ஓராண்டு சிறை. 3 ஆண்டு வரை போகலாம். அங்கும் அப்பீல் கெடு 14 நாள்தான்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவர், "நான் குற்றவாளி அல்ல" என்று பொதுவாக அப்பீல் செய்ய முடியாது. தண்டனை அதிகம், அல்லது சட்டப்படி சரியில்லை என்றுதான் கேட்கலாம். கைதான நாளிலிருந்து தண்டனையைக் கணக்கிடவும் கேட்கலாம். ஆனால் மேல்கோர்ட்டு தண்டனையைக் கூட்டவும் கூடும். வக்கீலைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

மலேசியாவில் அப்பீல் கொடுத்தால் அது முடியும்வரை பிரம்படி நிறுத்தி வைக்கப்படும். சிறை தானாக நிற்காது. வக்கீல் கிடைக்கவில்லை என்றாலும், கெடுவுக்குள் சிறை அதிகாரியிடம் வாயால் சொன்னாலே போதும். அது அப்பீல் அறிவிப்பாக ஏற்கப்படும். மகன் போனில் பேசினால் முதலில் இதைச் சொல்லுங்கள். கெடு தாண்டினாலும் ஹைகோர்ட்டில் அனுமதி கேட்க வழியுண்டு. தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டும்.

வீட்டார் அன்றைக்கே செய்ய வேண்டியது: தீர்ப்பு நாள், கோர்ட்டு, வழக்கு எண், பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றைத் திரட்டுங்கள். கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்துக்கும், சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கும் எழுதுங்கள். தூதரகங்களில் இந்திய சமூக நல நிதி உண்டு. தகுதியுள்ள ஏழைகளின் சட்ட உதவிக்கு அதைக் கேட்கலாம். பெற்றோரின் மருத்துவச் சீட்டு, கடன் பத்திரம், ஜமாஅத் கடிதம் எல்லாம் உண்மையாக இருக்கட்டும். ஒரு பொய்க் காகிதம் மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

"சட்டத்தை மீறியவருக்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்று கமிட்டியிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. தவறை நாங்கள் மறைக்கவில்லை. தவறுக்கு மேல் தண்டனை விழக்கூடாது என்பதே எங்கள் கவலை. ஜகாத் பணத்தை இதற்குத் தரலாமா என்பதை உலமாக்களிடம் கேட்டே முடிவு செய்வோம். அதுவரை பொது நன்கொடையிலிருந்து உதவுவோம்.

இளைஞர்களே, அப்பீல் ஜெயித்தாலும் அங்கே தங்கி வேலை பார்க்க முடியாது, தண்டனைதான் குறையும். பெயரை மாற்றிப் புது பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்பவனை நம்பாதீர்கள். கைரேகை மாறாது. பொய்த் தகவல் தந்து பாஸ்போர்ட் வாங்கினால் நம் நாட்டிலேயே 2 ஆண்டு வரை சிறை உண்டு.

இனி எங்கள் கதவைத் தட்ட ஜும்ஆ வரை காத்திருக்க வேண்டாம். எந்த நேரமானாலும் வாருங்கள். சிறையில் வாடும் நம் பிள்ளைகளை அல்லாஹ் விரைவில் பெற்றோரிடம் சேர்ப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.